எந்தப் பக்கத்துக் கல்?

1990 மார்ச் 24 அன்று இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது. அங்கிருந்து திரும்பிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய வீரர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மனம் ஒப்பவில்லை என்பது அவர் நிலை. அதற்காக அவரைப் பாராட்டியவர்களும் உண்டு, தேசத் துரோகம் என்று ஏசியவர்களும் உண்டு. அந்தச் சண்டை பல ஆண்டுகள் மேடைகளில் நடந்தது. சண்டை போட்டவர்களில் எத்தனை பேர், இறங்கி வந்தவர்கள் அதற்குப் பிறகு எங்கே போனார்கள் என்று கேட்டிருப்பார்கள்?

அவர்கள் ஊருக்குப் போனார்கள். சிலர் ரயிலேறி, டிரங்குப் பெட்டியோடு. சிலர் ராணுவ மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து புனேயில் உள்ள செயற்கை உறுப்பு மையத்துக்குப் போய், பல மாதம் கழித்து, ஒரு கால் குறைந்து ஊருக்குப் போனார்கள். ஏறத்தாழ 1,200 பேர் போகவே இல்லை.

அந்தப் படை போன கதையைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பலருக்கு அது தெரியாது. 1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே, அணிவகுப்பு மரியாதையை ஏற்றபடி நடந்த ராஜீவைச் சிங்களக் கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் அடித்தார். அதே சமயத்தில் யாழ்ப்பாணத்தில் இந்திய வீரர்களுக்கு மாலை போட்டார்கள். ஆயுதங்களை வாங்கி வைப்பதும் அமைதியைக் காப்பதும்தான் வேலை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். செப்டம்பர் 26இல் உண்ணாவிரதம் இருந்த விடுதலைப் புலிகளின் திலீபன் இறந்தார். அக்டோபர் 5இல் பிடித்து வைக்கப்பட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்டவர்கள் பலாலியில் சயனைடு கடித்து இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் புலிகளோடு போர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் 11ஆம் தேதி இரவு ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையின் 30 வீரர்களில் 29 பேர் விடிவதற்குள்ளும் விடிந்த பிறகுமாகச் செத்தார்கள். ஒருவர் மட்டும் பிடிபட்டு உயிர் தப்பினார். மாலை போட்ட நாளுக்கும் அந்த இரவுக்கும் இடையே மூன்று மாதம்கூட இல்லை.

இதற்குப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 21, தீபாவளி. அன்று யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தது. அன்று மாலையிலும் மறுநாள் காலையிலும் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர், ஊழியர்கள் என்று அறுபதிலிருந்து எழுபது பேர் வரை கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலை கையைத் தூக்கிக்கொண்டு, தாங்கள் மருத்துவர்கள் என்று சொல்லியபடி வெளியே வந்த மருத்துவரையும் சுட்டார்கள். உள்ளேயிருந்து தங்கள்மேல் சுட்டார்கள் என்பது படையின் தரப்பு. யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் மருத்துவமனை ஊழியர்கள் தங்கள் இறந்தவர்களுக்கு விளக்கேற்றுகிறார்கள்.

இந்தப் பத்தியைத் தாண்டாமல் இந்திய அமைதிப்படையின் இறந்த வீரர்களைப் பற்றித் தமிழில் எழுத முடியாது. தாண்டாமல் எழுதினால் பொய். தாண்டவே முடியாது என்று நின்றுவிட்டாலும் ஒரு வகையில் பொய்தான் என்று இப்போது தோன்றுகிறது. தமிழ்நாடு அங்கேதான் நின்றது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்ட பிறகு அந்த மூன்றாண்டுகளைப் பற்றி எந்தப் பக்கம் நின்று பேசினாலும் ஆபத்து என்றாகிவிட்டது. புலிகளைப் பற்றிப் பேசினால் ஒரு வழக்கு, படையைப் பற்றிப் பேசினால் ஒரு வசை. பேசாமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரனை எடுத்துக்கொள்வோம். மும்பையில் பிறந்த தமிழர், மகார் ரெஜிமென்ட்டின் 8ஆம் பட்டாலியன். 1987 நவம்பர் 25இல் யாழ்ப்பாணத்தில் ஒரு பதுங்கித் தாக்குதலில், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டு, தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே இறந்தார். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். அமைதிப்படையில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவர்தான். கார்கில் வீரர்களின் பெயர் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். மேஜர் முகுந்த் வரதராஜனைச் சினிமா எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பரமேஸ்வரன் பெயரைச் சொன்னால் எந்தப் போர் என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அமைதிப்படையை நாட்டை விட்டுப் போகச் சொன்னது இலங்கை அரசு. ஜனாதிபதி பிரேமதாசா 1989 ஜூலைக்குள் வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். அந்த இலங்கையில், நாடாளுமன்றம் இருக்கும் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில், இறந்த இந்திய வீரர்களின் பெயர்களோடு 2008இல் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. கறுப்புக் கல்லில் வரிசை வரிசையாகப் பெயர்கள். அவர்களை அனுப்பிய டெல்லியில் அந்தப் பெயர்கள் கல்லில் ஏற 2019 பிப்ரவரியில் தேசியப் போர் நினைவகம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அனுப்பிய நாட்டுக்கு அவ்வளவு வெட்கம்.

வெட்கத்துக்குக் காரணம் புரிகிறது. வென்ற போருக்கு நாள் குறித்து விழா எடுக்கலாம். டிசம்பர் 16 என்றால் 1971, ஜூலை 26 என்றால் கார்கில். எதற்காகப் போனோம், என்ன கிடைத்தது என்று எவருக்கும் சொல்லத் தெரியாத போருக்கு எந்த நாளைக் குறிப்பது? ஆகவே அந்தப் போர் தவறென்றால் அதில் செத்தவனையும் தவற்றோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறோம். போரைச் சரியென்று நினைப்பவன் வீரனுக்குச் சிலை வைக்கிறான், தவறென்று நினைப்பவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இருவரும் செய்வது ஒன்றுதான். செத்தவனைப் போரின் தீர்ப்புக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

நம் பழைய வழக்கம் இப்படி இருக்கவில்லை. ஆநிரை கவரப் போனவன் வெட்சி, மீட்கப் போனவன் கரந்தை. இரண்டு பேருக்கும் கல் நட்டார்கள். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில் ஆகோள், அதாவது ஆநிரை கவர்தல், பேசப்படுகிறது. செங்கம் பகுதிக் கற்களில் தொறுக் கொண்டு, அதாவது மந்தையைக் கவர்ந்து, பட்டவனும் இருக்கிறான், தொறு மீட்டுப் பட்டவனும் இருக்கிறான். கல்லைத் தேர்வதில் தொடங்கி நட்டு வாழ்த்துவதுவரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. போன காரியம் நியாயமா என்று விசாரிக்கும் படி அதில் இல்லை. ஒவ்வொரு ஊரும் தன் ஆளுக்குத்தான் நட்டது, அதை மறைக்க வேண்டியதில்லை. பழையவர்கள் நம்மைவிடப் பெருந்தன்மையானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, மாட்டுக்காகக் கழுத்தறுத்துக்கொண்டவர்கள்தான். ஆனால் காலம் போகப்போக நடந்ததைப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் இன்றைக்கும் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெய் தேய்த்துப் பொங்கல் வைக்கும் குடும்பத்துக்கு அந்தக் கல்லில் இருப்பவன் மாட்டைத் திருடப் போனவனா, மீட்கப் போனவனா என்று தெரியாது. கேட்டால் சிரிப்பார்கள். யாரோ ஒருவன் போனான், திரும்பவில்லை, அவன் இங்கே நிற்கிறான். அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது.

அமெரிக்கா வியட்நாமில் தோற்றுத் திரும்பிய பிறகு, அங்கே சண்டையிட்டவர்களே முன்னின்று பொதுமக்களிடம் நிதி திரட்டி 1982இல் வாஷிங்டனில் எழுப்பிய கறுப்புச் சுவரிலும் இதே துணிவு இருக்கிறது. கொடி பிடிக்கும் வீரனோ குதிரையோ அந்தச் சுவரில் கிடையாது, பெயர்கள் மட்டுமே. போர் சரியா தவறா என்று சுவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை. போரை எதிர்த்து ஊர்வலம் போனவர்களும் அங்கே வந்து அழுதார்கள்.

நினைவுக்குத் தீர்ப்பு தேவையில்லை என்று நான் சொன்னால், அப்படியானால் மருத்துவமனையில் சுட்டவர்களையும் வணங்கச் சொல்கிறாயா என்று யாழ்ப்பாணத்து நண்பர் கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. அதே யாழ்ப்பாணத்தில், இறந்த புலிகளைப் புதைத்த கோப்பாய் துயிலும் இல்லத்தை இடித்துத் தள்ளி அந்த மண்ணின் மேல் இலங்கை ராணுவம் தன் முகாமைக் கட்டியது. தன் பிள்ளையின் கல்லறை இருந்த இடத்தில் காவல் கூண்டு நிற்பதைப் பார்த்த தாய்மார்களிடம் போய், கொன்ற படைக்காரனின் பெயரையும் நினைத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நினைக்க வேண்டிய கடமை அவர்களுடையது இல்லை. அனுப்பியவர்களுடையது, அனுப்பியவர்களுக்கு வாக்களித்த நம்முடையது. நினைப்பது என்றால் முழுக்க நினைப்பது. அந்த 29 பேரையும் மருத்துவமனையில் இறந்தவர்களையும் ஒரே மனத்தில் வைத்திருப்பது. அது கஷ்டம், ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடப் பார்க்கும். தள்ளவிடாமல் பிடித்துக்கொண்டால்தான் மூன்றாவதாக ஒரு கேள்வி எழும்: இவர்கள் எல்லோரையும் அந்த அக்டோபரில் எதிரெதிரே நிறுத்தியது யார்?

மௌனம் யாருக்கு நல்லது செய்தது என்று யோசித்தால் இது தெளிவாகும். மருத்துவமனையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அதனால் நியாயம் கிடைக்கவில்லை. வீரர்களின் குடும்பங்களுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. திட்டமும் வரைபடமும் சரியாக இல்லாமல், எதிரி யார் என்று முடிவாகாமல், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படையைக் கடல் கடந்து அனுப்பியவர்களுக்கு மட்டும் அது உதவியது. அவர்கள் ஒருபோதும் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மறக்கப்பட்ட சிப்பாயின் முதுகுக்குப் பின்னால்தான் அவனை அனுப்பியவன் ஒளிந்துகொள்கிறான்.

இங்கே நடுகல்லுக்கும் ஒரு குறை உண்டு. அது செத்தவனுக்கு மட்டும்தான். செத்தவன் குடும்பத்துக்கு வரி நீக்கிய நிலம் கொடுத்தார்கள், உதிரப்பட்டி என்று பெயர். இன்றைய குடும்ப ஓய்வூதியத்துக்குக் கொள்ளுப்பாட்டன் அது. கல்லும் நிலமும் கொடுத்தால் கணக்கு முடிந்தது. உயிரோடு வந்தவனின் கணக்கு அப்படி முடிவதில்லை. அவன் சாகும்வரை ஓடும். அவன் செத்த பிறகு அவன் பிள்ளைகளிடம் ஓடும்.

சங்கப் பாட்டில் இந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரசன் நள்ளிரவில், வாடைக் காற்றில் பந்தங்கள் அலைய, தூறலில் பாசறைத் தெருவில் நடக்கிறான். புண்பட்டுக் கிடக்கும் வீரர்களை ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு ஒருவன் முன்னே போகிறான், அரசன் முகம் கொடுத்துப் பார்த்துக்கொண்டு போகிறான். முல்லைப்பாட்டின் அரசனுக்கோ தூக்கமே வரவில்லை. வெட்டுப்பட்ட யானைகளை நினைக்கிறான், இறந்த வீரர்களை நினைக்கிறான், அம்பு தைத்துத் தீனி எடுக்காமல் நிற்கும் குதிரைகளை நினைக்கிறான். நாளைய போர் இருக்கிறது, இருந்தும் இந்த இரவில் அவனுக்கு நினைவு காயத்தின் மேல்தான். சென்னைத் துறைமுகத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நக்கீரரின் அந்த அரசன் நினைவுக்கு வருவான். மாநில அரசை மட்டும் சொல்லவில்லை, டெல்லியையும் சேர்த்துத்தான். பந்தம் பிடித்து முன்னே நடக்க ஆள் இல்லாமல் போயிற்றா, பார்க்க மனமில்லாமல் போயிற்றா?

இவ்விரண்டையும்விட எனக்கு நெருக்கமானது அரிசில் கிழாரின் ஒரு புறநானூற்றுப் பாட்டு, 281ஆவது. அதில் அரசனும் இல்லை, பாசறையும் இல்லை. ஒரு வீடு. உள்ளே காயம்பட்டவன் படுத்திருக்கிறான். பெண்கள் வாசலில் வேப்பிலையும் இரவ மரத்துத் தழையும் செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், குழல் ஊதுகிறார்கள், மணியடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், புகை போடுகிறார்கள். தோழியைக் கூப்பிட்டு அவன் மனைவி சொல்வது, வா, அவன் புண்ணைக் காப்போம் என்பது. பேய் வந்து புண்ணைத் தொடும் என்று நம்பினார்கள். அதனால் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். போர் முடிந்த பிறகு வீட்டில் தொடங்கும் காவல் இது, காவலாளி மனைவி. தொல்காப்பியம் இதற்கு ஒரு துறையே வகுத்து வைத்திருக்கிறது, தொடாக்காஞ்சி என்று.

பேயை நாம் இப்போது வேறு பெயர்களில் அழைக்கிறோம். முதல் உலகப் போரில், 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் லான்செட் இதழில் அதை 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். அதே போரில், பயந்து ஓடினான், காவலை விட்டுப் போனான் என்று பிரிட்டிஷ் படை தன் சொந்த வீரர்களில் முந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் எத்தனை பேர் அந்த நோயில் இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? 2006இல்தான் மன்னிப்பு வந்தது. வியட்நாம் போனவர்கள் போராடிய பிறகு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 'பிடிஎஸ்டி' என்ற பெயரைச் சேர்த்தது. நம் ஊரில் இன்னும் 'பட்டாளத்துக் கோபம்' என்றே சொல்கிறோம். மனைவியை அடித்தாலும், குடித்தாலும், பாதி ராத்திரியில் எழுந்து வாசலில் உட்கார்ந்தாலும், எல்லாம் பட்டாளத்துக் கோபம்.

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அந்தப் பக்கத்து ஊரொன்றில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், உறவு இல்லை, பழக்கத்தில் அண்ணன். மெட்ராஸ் ரெஜிமென்ட். 1988இல் முல்லைத்தீவுக் காட்டில் மிதிவெடியில் இடது கால் போயிற்று, முழங்காலுக்குக் கீழே. வயல் வழியாகப் போனால் தனியாக நடக்க மாட்டார். முன்னே போகிறவரின் கால் பதிந்த இடத்திலேயே தன் காலை வைப்பார், செயற்கைக் காலையும் சேர்த்து. ஒரு மழைநாளில் நான் வரப்பைவிட்டுச் சேற்றில் இறங்கியதும் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். பிறகு அவரே சிரித்தார். "இன்னும் காலு போவும்னு பயம் தம்பி. இருக்கறது ஒண்ணு, அதுவும் போயிட்டா?"

போன கால்தான் அதிகம் வலிக்கிறது என்பார். இதற்கு மருத்துவம் வைத்த பெயரும் ஒரு போரிலிருந்து வந்ததுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்தவர்களைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற மருத்துவர், இல்லாத கையும் காலும் வலிப்பதை 1871இல் 'பேய் உறுப்பு' என்று பொருள்படும் பெயரில் எழுதினார். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அதற்கு ஓர் எளிய வழி கண்டார். ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி செய்து அசைத்தால், மூளை ஏமாந்து வலியை விடுகிறது. ஈராக்கில் காலிழந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இதைச் செய்து பார்த்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள், பலருக்கு வலி குறைந்தது. அண்ணனுக்கு இதைச் சொன்னேன். வீட்டு அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி ஒரு வாரம் செய்தார். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்றார். பிறகு விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, ரெண்டு காலும் இருக்கிறதைப் பார்ப்பது வலியைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்றார்.

யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பொருத்தும் நிலையம் இருக்கிறது. அங்கே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் மிதிவெடியில் காலிழந்த விவசாயிகள் இருந்தார்கள், முன்னாள் போராளிகள் இருந்தார்கள், விறகு பொறுக்கப் போன பெண்கள் இருந்தார்கள். ராஜஸ்தானில் 1960களின் இறுதியில் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர்ப் பாதம் அது, வெறுங்காலோடு வயலில் இறங்கலாம், சம்மணமிட்டு உட்காரலாம். மிதிவெடி புதைத்தவனும் மிதித்தவனும் கடைசியில் ஒரே பட்டறையின் காலில் நடக்கிறார்கள்.

அண்ணன் அதிகம் பேச மாட்டார். பேசிய சில தடவைகளில் காலைப் பற்றிச் சொன்னதைவிடச் சோதனைச் சாவடியைப் பற்றிச் சொன்னதுதான் எனக்குள் தங்கியிருக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியும் என்பதால் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள், மொழிபெயர்க்க. "கூட இருந்த வடக்கத்திக்காரனுங்களுக்கு ஒண்ணும் புரியாது. கிழவி அழுதா அழறாங்கறதோட சரி. எனக்கு அவ சொல்றது புரியும் தம்பி. 'நீயும் தமிழ்ப் பிள்ளைதானே மோனை'ன்னு கேட்டா. நான் அதை ஹிந்தியில மேஜருக்குச் சொல்லல. பையில அரிசிதான் இருக்குதுன்னு சொன்னேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் கேட்டது: "அந்தக் கிழவி இருப்பாளா இப்ப?" நான் கணக்குப் பார்த்தேன். இருக்க வழியில்லை. வாய்விட்டுச் சொல்லவில்லை.

இந்தக் காயத்துக்கு எத்தனை விழுக்காடு? கேள்வி கேலிக்காக இல்லை. ராணுவ மருத்துவக் குழு ஊனத்தை விழுக்காட்டில்தான் அளக்கிறது. இருபது விழுக்காடு இருந்தால்தான் ஊன ஓய்வூதியம். அதற்குமேல் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஐம்பதாக, எழுபத்தைந்துவரை எழுபத்தைந்தாக, அதற்கு மேல் நூறாக உயர்த்திக் கணக்கிடுவார்கள். கால் என்றால் அளந்துவிடலாம். தூக்கம் வராததை, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சப் பயந்ததை, கிழவியின் கேள்வியை எந்த ஸ்கேல் வைத்து அளப்பது? அப்படியே ஒரு நோயென்று எழுதினாலும், அது பணியால் வந்ததா, இயல்பாகவே வந்ததா என்று அடுத்த வாதம். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சேரும்போது மருத்துவக் குறிப்பில் இல்லாத நோய் பணிக்காலத்தில் வந்தால் பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும், இல்லை என்று நிறுவும் பொறுப்பு அரசுடையது. அதற்குப் பிறகும் அரசு வழக்கு மேல் வழக்காக மேல்முறையீடு போய்க்கொண்டிருந்தது. எல்லையில் நிற்பவனுக்குக் கோடி கோடியாக ஆயுதம் வாங்கும் அரசு, திரும்பி வந்தவனின் சில ஆயிரத்துக்கு வக்கீல் வைக்கிறது. தேர்தல் மேடையில் மட்டும் இருவரும் ஒருவரே.

மனைவிமார் விஷயத்தில் அரசின் மனம் இன்னும் பழையது. வீரதீர விருது பெற்று இறந்தவரின் மனைவிக்கு விருதோடு மாதம்தோறும் ஒரு தொகை வரும். அவள் மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். ஒரே விதிவிலக்கு, இறந்தவரின் சகோதரனைக் கட்டிக்கொண்டால் தொடரும். இந்த விதி 2017 நவம்பர் வரை இருந்தது. ஏதோ சங்ககாலத்துச் செய்தி என்று நினைக்க வேண்டாம், நாம் ஸ்மார்ட்போன் வைத்துக்கொண்டிருந்த காலம். வீரனின் நினைவை யார் உடம்பில் வைத்துக் காப்பாற்ற நினைத்தோம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

டிசம்பர் 7 கொடிநாள். பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் சின்னக் கொடியைச் சட்டையில் குத்திவிட்டு ரூபாய் வாங்கிக்கொள்வார்கள். 1949இலிருந்து நடக்கிறது. அந்தப் பணம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக உதவியாகப் போகிறது, நல்லதுதான். ஒரு கொடிநாளில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கேன்டீனுக்குப் போயிருந்தார். அண்ணிதான் இருந்தார். கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டே பேசினார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் கால் போயிற்றாம். ராத்திரியில் அவர் எழுந்தால் இவரும் எழுந்துவிடுவார், கொல்லைக் கதவைத் திறந்து வெளியே போகாதபடி கதவோரத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறார். இத்தனை வருஷமாக. மகன் பிறந்தபோதும் அங்கேதான்.

மருத்துவக் குழு எழுதிய விழுக்காட்டைப் பற்றிக் கேட்டேன். காலுக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள் என்றார். மற்றதுக்கு மனுப் போட்டார்களாம், எந்த மருத்துவமனையிலும் சிகிச்சை எடுத்த சீட்டு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"சீட்டு எப்படி இருக்கும் தம்பி? டாக்டர்கிட்ட எங்க போனாரு, எங்கிட்டதானே இருந்தாரு. பெர்சென்ட் போடறவங்கள ஒரே ஒரு ராத்திரி இந்தக் கதவாண்ட வந்து படுக்கச் சொல்லு. காலையில அவங்களே எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க."